முதலில் சாஃப்ட்வேரா, வேலைமுறையா?

அக்கவுன்ட்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு கணக்கு, குடோனில் சரக்கு இறக்கிய சீட்டில் இன்னொரு கணக்கு, சப்ளையர் அனுப்பிய பில்லில் வேறொரு கணக்கு. மூன்றும் ஒத்துவராமல் பணம் நிற்கும், சப்ளையர் போன் மேல் போன் போடுவார். நடக்கிற வேலையை அப்படியே சாஃப்ட்வேருக்கு மாற்றுவது ஒரு வழி. வேலைமுறையைச் சீராக்கிவிட்டு அப்புறம் சாஃப்ட்வேர் போடுவது இன்னொரு வழி.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க கார் கம்பெனி ஃபோர்டின் கதையே போதும். 1980களின் தொடக்கத்தில், வட அமெரிக்காவில் அவர்களுடைய பில் பட்டுவாடா பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்தால் 400 பேர் போதும் என்று கணக்குப் போட்டார்கள். 20 சதவீதம் மிச்சம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கள் பங்கு வைத்திருந்த ஜப்பான் கார் கம்பெனி மஸ்தாவை எட்டிப் பார்த்தால், அங்கே இதே வேலைக்கு 5 பேர்! மஸ்தா சின்ன கம்பெனி என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஃபோர்டில் தேவையைப் போல் 5 மடங்கு ஆட்கள் இருந்தார்கள்.

கிளார்க்குகளின் நேரமெல்லாம் மூன்று தாள்களில் 14 விவரங்களை ஒத்துப் பார்த்து, எது ஏன் பொருந்தவில்லை என்று தேடுவதிலேயே போனது. சாஃப்ட்வேர் போட்டால் தப்பு சீக்கிரம் தெரியும், தப்பு வருவது நிற்காது. முதல் வழியில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

ஃபோர்டு இரண்டாவது வழியில் போய், பில் என்பதையே இல்லாமல் செய்துவிட்டது. ஆர்டரை டேட்டாபேஸில் ஏற்றிவிடுவார்கள், சரக்கு வந்ததும் இறக்குகிற இடத்திலேயே அந்த ஆர்டரோடு ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் வாங்கிப் பதிவு செய்வார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உதிரிபாக எண், அளவிடும் அலகு, சப்ளையர் குறியீடு என்று 3 விவரம் பொருந்தினால் போதும், செக் தயாராகிவிடும். ஆள் தேவை 75 சதவீதம் குறைந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் இதுவும் நடந்திருக்காது, ஆனால் வேலைமுறையை மாற்றி யோசித்த பிறகுதான் அதற்கு உருப்படியான வேலை கிடைத்தது.

முதல் வழி எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். மாதச் சம்பளச் சீட்டு மாதிரி ஏற்கெனவே சிக்கலில்லாமல் ஓடுகிற வேலைக்கு அதுவே போதும், செலவும் நாளும் மிச்சம். இரண்டாவது வழிக்குப் பர்ச்சேஸ், குடோன், அக்கவுன்ட்ஸ் மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார வேண்டும், சரக்கைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தைக் குடோன்காரரிடம் கொடுக்க வேண்டும். அதற்குத் தயங்கித்தான் பல இடங்களில் நேராக சாஃப்ட்வேர் வாங்கப் போய்விடுகிறார்கள்.

கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால், போன மாதம் நின்றுபோன பில்களை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் காரணத்தைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். ரேட் மாறியதைப் பர்ச்சேஸ் சொல்லவில்லை, குடோனில் எண்ணிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நாலைந்து காரணங்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிடுங்கள்.