கூகுள் ஸ்காலர்: கார்ல்சனை வைத்து உரைத்துப் பார்த்தபோது

நரம்புசார் மருந்தியலில் ஒருவரின் ஆய்வுப் பணியை எடைபோட வேண்டுமென்றால், இன்று பெரும்பாலோர் முதலில் திறப்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரைத்தான். 2004 நவம்பரில் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் கிடையாது. ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்களை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும் என்பதால், சிறிய கல்லூரிகளில் இருப்பவர்கள் பலருக்கு இதுவே போக்கிடம். இதை உரைத்துப் பார்க்க, அருமை ஏற்கெனவே ஐயமற நிலைபெற்றுவிட்ட ஒருவரையே எடுத்துக்கொள்வது நல்லது என்று கருதி, 2000-இல் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்ட சுவீடனின் அர்விட் கார்ல்சனைத் தேர்ந்தெடுத்தேன்.

அவர் 1957-இல் நேச்சர் இதழில் இருவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை மிகச் சிறியது. சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பினைச் செலுத்தியதால் அசைவற்றுக் கிடந்த விலங்குகள், உடலில் டோபமைனாக மாறும் டோபா என்ற பொருளைக் கொடுத்ததும் மீண்டும் நடமாடின என்பதே அதன் சாரம். பார்க்கின்சன் நோய்க்கு டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபா மருந்தானதற்கு வழி திறந்தவற்றுள் அது முதன்மையானது. அடுத்த ஆண்டு சயின்ஸ் இதழில், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் மூளையில் இருப்பதைக் காட்டிய கட்டுரை வந்தது. ஆனால் தலைப்புகளில் மட்டும் டோபமைன் என்று தேடினால் அது அகப்படாது. தலைப்பில் இருப்பது 3-ஹைட்ராக்சிடைரமின் என்ற பழைய வேதிப்பெயர். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடலாம் என்றாலோ, கார்ல்சன் என்பது சுவீடனில் நம்மூர் முருகனைப் போலப் பரவலான பெயர். முதலெழுத்தும் ஒன்றாக இருப்போரின் கட்டுரைகளைக் கையால் பொறுக்கித்தான் நீக்க வேண்டும்.

இச்சேவையின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையின் கீழும், அதை மேற்கோள் காட்டியவற்றின் எண்ணிக்கை ஓர் இணைப்பாக நிற்கிறது. அதைச் சொடுக்கி, வரும் பட்டியலுக்குள்ளேயே மறுபடியும் தேடலாம். மனநோய் மருந்துகளான குளோர்புரோமசினும் ஹாலோபெரிடாலும் டோபமைனை ஏற்கும் நரம்பணுப் பகுதிகளான டோபமைன் ஏற்பிகளைத் தடுக்கின்றன என்ற கருத்துக்கு வித்திட்ட 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையை இப்படித் தொடர்ந்து போனால், அதை யார் ஏற்றார்கள், யார் திருத்தினார்கள் என்பது ஆண்டுவாரியாகக் கண்முன் விரிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எண்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஓர் ஆய்வாளரை அளக்க இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ் ஒருவருக்கு 40 என்றால், அவருடையவற்றுள் குறைந்தது 40 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் 40 உள்ளன என்று பொருள். அவற்றுள் ஒன்று ஒரு துறையையே புரட்டிப் போட்டிருந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். தனி மேற்கோள் எண்ணிக்கையும் நம்பத்தக்க துணையல்ல. செயின்ட் லூயிஸில் மருந்தியல் துறைக்குத் தலைமை வகித்த ஆலிவர் லௌரி, புரதத்தை அளக்கும் முறை ஒன்றை 1951-இல் வெளியிட்டார். 2014-இல் நேச்சர் வெளியிட்ட, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் பட்டியலில் மூன்று லட்சத்துக்கும் கூடுதலான மேற்கோள்களுடன் முதலிடம் பிடித்தது அதுதான். சோதனைச்சாலையில் அன்றாடம் தேவைப்பட்ட செய்முறை என்பதே காரணம். மறுபுறம், டோபமைன் ஒரு நரம்புக் கடத்தி என்று இன்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் கார்ல்சனைச் சான்று காட்டுவதில்லை. பாடநூலுக்குள் போய்விட்ட உண்மைக்கு மேற்கோள் எதற்கு?

உயிரோடிருக்கும் ஆய்வாளர்களின் சுயவிவரப் பக்கத்துக்கு வருவோம். வலப்புறக் கட்டத்தில் மொத்த மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (குறைந்தது பத்து மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) மூன்றும், எல்லா ஆண்டுகளுக்கும் அண்மை ஆண்டுகளுக்கும் என இரண்டு நிரல்களில் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றுள் தம்மைத் தாமே மேற்கோள் காட்டியவையும் ஆய்வேடுகளில் வந்தவையும் கலந்தே இருக்கின்றன. தன்னுடைய மேற்கோளை விலக்கிப் பார்க்கும் பொத்தான் அங்கே இல்லை. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் ஏற்பாட்டைப் பக்கத்துக்கு உரியவர் நிறுத்தாவிட்டால், அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரை உள்ளே வந்து உட்கார்ந்துவிடவும் கூடும். ஆகவே, யாரையேனும் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடாமல், பட்டியலில் எண்ணுக்கு அருகே சிறிய நட்சத்திரக் குறி உள்ள வரிகளைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே எண்ணப்பட்டிருப்பது வேறொரு கட்டுரைக்கு வந்த மேற்கோளாகவும் இருக்கலாம்.