ஆல்பர்ட்டாவின் உக்ரேனியக் கிராமமும் அதைச் சுற்றியுள்ள தேவாலயங்களும்: ஒரு மதிப்பீடு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டனிலிருந்து 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணி நேரம் சென்றால், எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவின் வாயிலைத் தாண்டியதும் உக்ரேனியப் பண்பாட்டு மரபுக் கிராமம் வந்துவிடுகிறது. ஆல்பர்ட்டாவின் கிழக்கு மத்தியப் பகுதியில் 1892 முதல் 1930 வரை உக்ரேனியக் குடியேறிகள் வாழ்ந்த வாழ்வைக் காட்டுவதற்காக, முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், பள்ளிகள், தேவாலயங்கள் ஆகியவற்றை அவை நின்ற ஊர்களிலிருந்தே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். சென்ற கோடையில் என் தாயாருடன் இரண்டு நாள்களை இந்தப் பகுதிக்கு ஒதுக்கினேன்; முதல் நாள் முழுவதும் கிராமத்திலேயே கழிந்தது, அது சரியான முடிவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உள்ளே போனதும் பலர் நேராகக் கடைத்தெருவை நோக்கி நடந்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாமல், முதலில் 'புர்தெய்' என்னும் மண்குடிலுக்குச் செல்லுங்கள். நிலத்தைத் தோண்டி, பள்ளத்தின் மேல் மரக்கொம்புகளைக் கூரையாகச் சாய்த்து, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அதன்மீது அடுக்கிய ஒற்றை அறை அது. பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் என்று கனடா அரசு அறிவித்த திட்டத்தை நம்பி வந்த குடும்பங்களில் பல, மரவீடு கட்டி முடிக்கும் வரை, ஓரிரண்டு குளிர்காலங்களை இப்படிப்பட்ட குழிகளில்தான் கழித்தன. குனிந்து உள்ளே நுழைந்து, அந்த இருட்டுக்குக் கண் பழகும் வரை நின்றால்தான், பின்னர் பார்க்கும் வெள்ளையடித்த வீடுகள் எத்தனை பெரிய உயர்வு என்பது விளங்கும்.

இந்த இடத்தின் உண்மையான சிறப்பு கட்டடங்களில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கட்டடமும் கடந்த காலத்தின் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் இருந்ததுபோலவே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பணிபுரிவோர் அந்த ஆண்டில் வாழ்பவர்களாகவே பேசுகிறார்கள். அந்தக் காலத்துக்குப் பின் நடந்த எதையும் அவர்கள் அறியமாட்டார்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்பவர்களுக்கு இது வெறும் வேடமாகத் தோன்றலாம். கப்பல் பயணம் எத்தனை நாள், முதல் மாட்டை எப்படி வாங்கினீர்கள், பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், நூல்களில் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய செய்தி ஒரு குடும்பக் கதையாக வந்து சேர்கிறது.

என் தாயார் ஆங்கிலம் அதிகம் பேசமாட்டார். ஒரு வீட்டில் அவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்து, "இது சாணி மெழுகின தரை மாதிரி இருக்கே" என்றார். நான் அதை மொழிபெயர்த்தபோது, தலையில் முக்காடு அணிந்து அங்கே பணியில் இருந்த பெண் முகம் மலர்ந்து, களிமண்ணோடு சாணத்தைக் கலந்து தரை மெழுகும் முறையையும், சுவருக்கு நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பூசும் முறையையும் கையசைவுகளோடு விளக்கினார். அம்மா தம் சிறுவயதில் செய்ததைப் பதிலுக்குச் செய்து காட்டினார். அரை மணி நேரம் அந்த வீட்டை விட்டு நகர முடியவில்லை. வெளியே களிமண் அடுப்பில் ரொட்டி சுடுவதையும் பார்த்தோம்: அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, சுவர்களில் தங்கிய வெப்பத்தில் மாவை வேகவைக்கிறார்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1891-இல், அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த கலீசியாவின் (இன்றைய மேற்கு உக்ரைன் பகுதி) நெபிலிவ் என்ற ஊரிலிருந்து வந்த இவான் பிலிப்பிவ், வாசில் எலேனியாக் ஆகிய இருவரும் இந்தக் குடியேற்றத்தின் முன்னோடிகளாகக் கருதப்படுகிறார்கள். குடும்பத்தை அழைத்துவரத் திரும்பிச் சென்ற பிலிப்பிவை, மக்களை வெளிநாடு செல்லத் தூண்டுகிறார் என்று கூறி ஆஸ்திரிய அதிகாரிகள் சிறையில் அடைத்தார்கள். அந்த வழக்கே ஊர் ஊராகக் கனடாவைப் பற்றிய செய்தியைப் பரப்பியது. அவருடைய வீடு இந்தக் கிராமத்தில் இருக்கிறது. வந்தவர்கள் தெற்கேயுள்ள மரமற்ற புல்வெளியை விட்டுவிட்டு, மரங்கள் அடர்ந்த இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தாய்மண்ணில் காடு பண்ணையாரின் சொத்து. அங்கே விறகுக்கும் வீட்டுமரத்துக்கும் தவித்தவர்களுக்கு, தம் நிலத்திலேயே மரம் நிற்பது பெருஞ்செல்வமாகத் தெரிந்தது.

கடைத்தெருவில் ஹில்லியார்ட் விடுதி, வோஸ்டோக் இரும்புப்பொருள் கடை, லுசான் மளிகைக் கடை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன; ஆனால் நேரம் குறைவென்றால் பெல்லிஸ் ஊரிலிருந்து வந்த தானியக் கிடங்குக்கு முதலிடம் கொடுங்கள். வண்டியோடு எடைபோட்ட கோதுமையைக் கீழே குழியில் கொட்டியதும், வாளிகள் கோத்த பட்டை அதை உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து வெவ்வேறு அறைகளில் இறக்கிவிடுகிறது. அருகிலுள்ள மாகாணக் காவல் நிலையத்தில் எனக்கு வேறொரு நினைவு எழுந்தது. முதல் உலகப் போரில் இந்தக் குடியேறிகள் ஆஸ்திரியப் பேரரசின் குடிகளாகவே கருதப்பட்டதால், சுமார் 80,000 பேர் 'எதிரிநாட்டவர்' என்று பதிவு செய்துகொண்டு, அவ்வப்போது அதிகாரிகள் முன் நேரில் தோன்ற வேண்டியிருந்தது. இவர்களில் பெரும்பாலோர் உக்ரேனியர். 1914 முதல் 1920 வரை 8,500-க்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அழைத்து நிலம் கொடுத்த அரசே இதையும் செய்தது என்பதை அறியாமல் இந்தக் கிராமத்தைப் பார்ப்பது பாதிப் பார்வைதான்.

இரண்டாம் நாளை வெளியேயுள்ள தேவாலயங்களுக்கு ஒதுக்கினோம். ஸ்டார், மண்டேர், ஆண்ட்ரூ ஊர்களைச் சுற்றிய சரளைச் சாலைகளில், கோதுமை வயல்களுக்கு நடுவே வெங்காய வடிவக் குவிமாடங்கள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. கலீசியாவிலிருந்து வந்தோர் பெரும்பாலும் போப்பை ஏற்றுக் கீழைச் சடங்குமுறையைப் பின்பற்றும் கிரேக்கக் கத்தோலிக்கர், அதே பேரரசின் இன்னொரு பகுதியான புக்கோவினாவிலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் சபையினர் என்பதால், ஒரே வட்டாரத்தில் இருவகைக் கோயில்களும் இருக்கின்றன. மணிக்கூண்டு பல இடங்களில் கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. ஒரு சிற்றூரில், திறந்திருக்கும் என்று அறிவிக்கப்பட்ட நேரத்தில் போயும் கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தும் பதில் இல்லை. ஆகவே முந்தைய நாளே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். கதவு திறக்காத இடத்திலும் கல்லறைத் தோட்டம் திறந்தே இருக்கிறது: பழைய சிலுவைகளில் உக்ரேனிய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகள், அடுத்த வரிசையில் இரு மொழிகள், புதியவற்றில் ஆங்கிலம் மட்டும்.

வெக்ரெவில் நகரில் உள்ள மாபெரும் 'பிசாங்கா' (உக்ரேனியர் ஈஸ்டருக்கு வண்ணக் கோலமிடும் முட்டை) சிற்பத்துக்கு அரை மணி நேரம் போதும். 1975-இல் நிறுவப்பட்ட அந்த அலுமினியச் சிற்பத்தில் கண்ணுக்குத் தெரியும் முகப்புகள் மட்டும் 3,512. காற்றடிக்கும் திசைக்கேற்ப அது மெதுவாகத் திரும்புகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

முதியவர்களோடு செல்வோர் கிராமத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். வெயிலுக்குத் தொப்பி, கொசுவுக்கு மருந்து இரண்டும் தேவை. மதிய உணவுக்கு, உள்ளே பூரணம் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை போன்ற பைரோஹியும் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய ஹோலுப்சியும் உண்டு. புளிப்பு பாலாடையோடு சாப்பிட்ட பைரோஹி அம்மாவுக்கே பிடித்திருந்தது. வேடமணிந்து பேசுவோர் அனைவரும் பணியில் இருக்கும் கோடை மாதங்களில், காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன் அந்த வீடுகளில் உட்கார்ந்து பேச இடமும் நேரமும் கிடைக்கும்.