ஒட்டாத கூட்டத்துக்கு எந்தக் கலம்? மிதக்கும் கலம், உந்து கலம், வடக் கலம்: ஓர் ஒப்பீடு

இளையோருக்கான விண்வெளி சாகசம் எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஆட்களைத்தான் முடிவு செய்கிறார்கள். பயிற்சிப் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட ஒருத்தி, யாரிடமும் பேசாத மெக்கானிக், வயதை மறைத்துக் கலமேறியவன். கலம் வெறும் பின்னணியாகிவிடுகிறது. அங்கேதான் கதை பலம் இழக்கிறது. இந்தப் பிள்ளைகள் எதற்குச் சண்டை போடுவார்கள், எங்கே ஒருவரை ஒருவர் நம்பியே ஆக வேண்டும் என்பதில் பாதியை, கலத்தில் எடை எப்படி உண்டாகிறது என்பதே தீர்மானித்துவிடும். பொத்தானைத் தட்டியதும் ஈர்ப்பு தரும் மாயத் தரையை ஒதுக்கிவிடலாம். அது பழுதானால் என்ன ஆகும் என்று வாசகரால் ஊகிக்க முடியாது, அதனால் பயமும் வராது. மிச்சம் இருப்பவை மூன்று.

எடையே இல்லாத கலத்துக்குத் தகவல் பஞ்சமே இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடந்ததை எடுத்துக்கொண்டாலே போதும். காற்றாடி நின்றால், தூங்குபவர் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கி, கார்பன் டை ஆக்சைடால் தலைவலி வரும். தண்ணீர் சொட்டாது, தோலில் ஒட்டிப் பரவும். 2013 ஜூலையில் இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பர்மிட்டானோ விண்நடையில் இருந்தபோது, குளிரூட்டும் அமைப்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் தலைக்கவசத்துக்குள் கசிந்து மூக்கை மூடியது. மூன்று பக்க அத்தியாயத்துக்கு அந்த ஒரு விபத்தே தாங்கும். ஆனால் நீண்ட பயணத்துக்கு இந்தக் கலம் சரிவராது. உடற்பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கும், அதனால் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கே போய்விடும். கைகலப்புக் காட்சியும் எடுபடாது, தள்ளியவரும் தள்ளப்பட்டவரும் ஆளுக்கொரு பக்கம் மிதந்து போவார்கள். ஓரிரு வாரக் கதைக்கு மட்டும் இதை எடுங்கள்.

இரண்டாவது, எஞ்சினை அணைக்காமல் உந்திக்கொண்டே போகும் கலம். எஞ்சின் அடித்தளத்தில், அறைகள் அதன் மேல் மாடி மாடியாக. பாதி வழியில் கலத்தைத் தலைகீழாகத் திருப்பி வேகத்தைக் குறைக்க வேண்டும். பூமியில் உணரும் அதே எடை வேண்டுமென்றால், செவ்வாய் நமக்கு அருகில் வரும்போதுள்ள தூரமான சுமார் 8 கோடி கிலோமீட்டரை 50 மணி நேரத்தில் கடந்துவிடலாம். நடுவழியில் வேகம் நொடிக்கு 890 கிலோமீட்டர் வரை ஏறும். 2024 டிசம்பரில் சூரியனை ஆராயும் பார்க்கர் ஆய்வுக்கலம் தொட்டது நொடிக்கு 192 கிலோமீட்டர், அதுவும் சூரியனின் ஈர்ப்பு இழுத்ததால். ஆகவே எஞ்சின் முழுக்க உங்கள் கற்பனைதான். அந்த ஒரு கற்பனையைச் செய்துவிட்டு மற்றதைக் கணக்குப்படி எழுதினால் வாசகர் ஏற்பார். திருப்பும்போது எஞ்சின் ஒரு மணி நேரம் பற்றாமல் போனால், இலக்கைத் தாண்டி 32 லட்சம் கிலோமீட்டர் போய்விடுவீர்கள். துரத்தல் கதைக்கு அருமையான கலம். ஒட்டாத பிள்ளைகள் ஒட்டுவதற்கு மட்டும் 50 மணி நேரம் போதாது.

சாதாரண எஞ்சினில் செவ்வாய்க்கு எட்டு, ஒன்பது மாதம். ரேடியோ செய்தி ஒருவழிக்கு 3 முதல் 22 நிமிடம் எடுக்கும் தூரம் அது, பெரியவர்களிடம் கேட்டு முடிவெடுக்கும் வழி அடைபட்டுவிடும். இந்தக் கதைக்கு எனது தேர்வு மூன்றாவதான வடக் கலம்: 30 டன் குடியிருப்பு ஒரு முனையில், 30 டன் எஞ்சின் பகுதி மறுமுனையில், நடுவே வடம், இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. 1966 செப்டம்பரில் நாசாவின் ஜெமினி 11 கலத்தை அஜீனா என்ற ஆளில்லாக் கலத்துடன் 30 மீட்டர் வடத்தால் கட்டிச் சுழற்றிப் பார்த்தார்கள். கிடைத்த ஈர்ப்பு மிகச் சிறிது, ஆனால் வழி சரி என்று தெரிந்தது.

அளவு இப்படி வையுங்கள். மையத்திலிருந்து தரைக்கு 21 மீட்டர், நிமிடத்துக்கு 4 சுற்று. செவ்வாயில் நின்றால் உணரும் எடை கிடைக்கும். பூமியில் உணரும் எடை வேண்டுமென்றால் அதே வேகத்துக்கு 56 மீட்டர், 2 சுற்று என்றால் 224 மீட்டர் வேண்டும். சுற்று கூடக் கூடத் தலைசுற்றலும் கூடும், 4 சுற்றுக்கு உடம்பு பழகச் சில நாள் ஆகும். முதல் வாரம் யார் வாந்தி எடுக்கிறார்கள் என்பதே குழுவில் ஒரு பிளவை உண்டாக்கும்.

இதில் நடப்பதே சாகசம். 50 கிலோ பெண் நின்றால் தராசு 19 காட்டும். சுழற்சிக்கு எதிராக நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினால் 8 கிலோவாகிவிடுவாள், அதே திசையில் ஓடினால் 34. மார்பளவு உயரத்திலிருந்து கைவிட்ட ஸ்பேனர், நேர் கீழே விழாமல் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி விழும். பழகியவளுக்கு இது ஆயுதம், புதியவனுக்கு அவமானம். பலர் சறுக்கும் இடம் தரை: அது வளைந்திருக்க வேண்டும். தட்டையாக அமைத்தால், நடுவிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 13 டிகிரி சரிவில் நிற்பது போலிருக்கும்.

வடம் அறுந்தால்? அந்த நொடியே எடை போய்விடும். இரு பாதிகளும் நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் விலகும், ஒரே நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் தாண்டும். எஞ்சின் பகுதியில் மெக்கானிக் மட்டும், இந்தப் பக்கம் அவனோடு பேசாதவர்கள் அத்தனை பேரும் என்று பிரித்து வையுங்கள். விலகுவதை நிறுத்த மட்டுமே அவனுக்குச் சுமார் 180 கிலோ எரிபொருள் ஆகும், திரும்பி வர அதற்கு மேல்.

அறாவிட்டாலும் செலவு உண்டு. வெளியே ஒரு ஆன்டெனாவைப் பழுதுபார்க்கச் சுழற்சியை நிறுத்த 180 கிலோ, மறுபடி சுழற்ற இன்னொரு 180. கலத்தில் உபரி 400 கிலோதான் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். எதற்காக நிறுத்துவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு ஒரே வாய்ப்புதான் இருக்கும்.