செரோக்கி வில்லுக்கு எந்த மரம்: பிளாக் லோகஸ்டா, ஹிக்கரியா?

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்கள் இரண்டிலும் வில் செய்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவரிடம் புதிதாகக் கற்பவர் எதை எடுப்பது?

செதுக்குதல்
லோகஸ்ட்: பட்டையையும் வெளிறிய மென்மரத்தையும் நீக்கி, வைரத்தில் (கடினமான உள்மரத்தில்) ஒரே ஆண்டு வளையத்தை வில்லின் முதுகு (எய்பவருக்கு எதிர்ப்புறம்) நெடுகத் தொடர வேண்டும். கத்தி சறுக்கி வளையம் அறுந்தால், இழுக்கும்போது அங்கேதான் பிளக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் அழகான வேலை.
ஹிக்கரி: பட்டையை உரித்தால் போதும். அடியில் உள்ள பரப்பே முதுகு.

வளைவு
லோகஸ்ட்: ஓரிடம் மட்டும் அதிகம் வளைந்தால் வயிற்றுப்பக்கம் (எய்பவரை நோக்கிய பக்கம்) குறுக்கே நொறுங்கிக் கோடு விழும். வில்லின் மேல், கீழ்ப் பாதிகள் இரண்டும் சீராக வளையும்வரை முழுதாக இழுக்கக் கூடாது.
ஹிக்கரி: முறிவது அரிது.

ஈரம்
லோகஸ்ட்: வைரம் நன்கு தாங்கும்.
ஹிக்கரி: ஈரத்தை உறிஞ்சும், நாணைக் கழற்றினாலும் வளைவு நிமிராது, அம்பின் வேகம் குறையும். நன்கு உலர்த்திக் கொழுப்புப் பூச வேண்டும்.

முதல் வில்லுக்கு ஹிக்கரி. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் மழை நாளில் வேட்டைக்குப் போக லோகஸ்ட்.