தலைப்பு வாரியாகவா, நூல் வரிசையிலா? வேதபாடக் குழுவுக்கு எது நல்லது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வேதபாடக் குழு வெள்ளிக்கிழமை இரவுகளில் கூடுகிறது. ஒரு மலிவு விலை வீட்டின் முன்கூடம், ஒன்பது பேர். பாதிப் பேர் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். மற்றவர்கள் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள். ஓராண்டு முழுக்கத் தலைப்பு வாரியாகப் படித்தோம். பிறகு அதை நிறுத்திவிட்டு, மத்தேயு சுவிசேஷத்தை முதல் வசனத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கினோம். இரண்டையும் நடத்திப் பார்த்தவன் நான். வரிசையாக வாசிப்பதையே சொல்வேன்.

தலைப்பு முறையின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாடப் புத்தகம் கையில் இருக்கும், ஒரு வாரத்தில் ஒரு தலைப்பு முடிந்துவிடும். இடையில் நான்கு வாரம் வராதவரும் சிரமமின்றிச் சேர்ந்துகொள்ளலாம். துக்க வீட்டில் வாசிக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் நாங்கள் ஆறுதலைப் பற்றிய பகுதிகளைத்தான் தேடி எடுக்கிறோம்.

ஆனால் ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை அந்த முறை மறைத்துவிடுகிறது. என் முடிவுக்குக் காரணம் இது ஒன்றுதான்.

பிந்தினோர் முந்தினோராவார்கள் என்ற மத்தேயு 20:16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் அது ‘தாழ்மை’ என்ற தலைப்பின் கீழ், பிலிப்பியர் 2, 1 பேதுரு 5 ஆகியவற்றோடு வந்தது. வாசித்தோம், கோடிட்ட இடங்களை நிரப்பினோம், தாழ்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். யார் பிந்தினார், எந்த வேலைக்குப் பிந்தினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் அதே இடத்துக்கு வந்தபோது திராட்சத்தோட்டத்துக் கூலியாட்களின் உவமையை முழுதாக வாசித்தோம். தோட்டக்காரர் காலையிலிருந்து வெவ்வேறு வேளைகளில் ஆள் எடுத்து, மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிற கதை அது. ‘பதினோராம் மணி வேளை’ என்றதும் பாட்டி ஒருவர், “பால் நிறுக்கிற நேரமா?” என்று கேட்டார். அக்கால யூதர்கள் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள், ஆகவே அது மாலை ஐந்து மணி என்று விளக்கினேன். (1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஐந்து மணி என்றே இருக்கிறது. சத்தமாக வாசிக்க 1871ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பு, புரிந்துகொள்ள இது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.) காலையிலிருந்து உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலியா என்று பிள்ளைகள் கொதித்தார்கள். தொழிற்சாலையில் மிகைநேரத்தைக் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள், அப்படித்தான் கேட்பார்கள்.

பாட்டி ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்ற வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. விடியுமுன்னே, ஆள் எண்ணி வேலை கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்று, வெறுங்கையோடு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பிய நாட்கள் அவருக்கு உண்டு. “ஐந்து மணி வரைக்கும் நின்றவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா, தம்பி?” என்றார். உவமையில் கூலியாக வரும் ஒரு பணம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அதில் குறைத்தால் குடும்பம் சாப்பிட முடியாது.

அதற்குப் பிறகு ஒரு பக்கம் பின்னால் போனோம். 19:27இல் இயேசுவின் சீடர் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கான பதிலின் தொடர்ச்சிதான் இந்த உவமை. கிரேக்க மூலத்தில் 20ஆம் அதிகாரத்தின் முதல் வாக்கியத்திலேயே ‘ஏனெனில்’ என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. நடுவில் அதிகாரத்தைப் பிரித்தது மத்தேயு அல்ல. அந்தப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551இல்தான் போட்டார். காலையிலேயே வேலைக்கு வந்தவன் பேதுருதான் என்று தெரிந்ததும் முன்கூடமே அமைதியாகிவிட்டது. சபையில் முப்பது ஆண்டு உழைத்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

எந்தத் தலைப்பின் கீழும் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

குறையும் உண்டு. இது மெதுவான முறை. இருபது அதிகாரங்களுக்கே எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் இரண்டு பேர் சலித்துப்போனார்கள். லேவியராகமத்தையோ எசேக்கியேலையோ இப்படி நடத்திப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. அங்கும் இது சரிவரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். புதிய குழுவென்றால் நான்கே அதிகாரம் கொண்ட ரூத் அல்லது யோனாவில் தொடங்குங்கள். அதிகார எண்ணைப் பார்க்காமல், கதை முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

சென்ற வாரம் எரிகோவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு குருடரிடம் வந்தோம். நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். எப்போதும் பேசாத ஒரு பெண் பிள்ளை பதினொரு வசனம் மேலே விரலை வைத்தாள். தன் மகன்களுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் வேண்டி வந்த தாயிடமும், உனக்கு என்ன வேண்டும் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். “இரண்டும் ஒரே கேள்வி, அண்ணா,” என்றாள். நானே அதுவரை கவனித்ததில்லை. மணி பத்தாகியும் அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.