ஆறு வருடம் ஏர்மாட் ஓட்டியபின்: ஆடியில் அருமை, மார்கழியில் மௌனம்

போன வாரம் ஈரோட்டிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஏர்போர்ட் புகை வேலை ஒண்ணு வருது. ஏர்மாட்ட நம்பி இறங்கலாங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏர்மாட் என்பது புகை காற்றில் எங்கே, எவ்வளவு பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி மாடல். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போனில் சரியாக விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மென்பொருளை எங்கிருந்து பதிவிறக்குவது, எப்படி நிறுவுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கோவை பீளமேடு விமான நிலையத்தை இதில் போட்டுப் பார்த்த முதல் நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓடுபாதை 05/23, தென்மேற்கு வடகிழக்காகப் படுத்திருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கிட்டத்தட்ட அதே கோட்டில் அடிக்கும். விமானம் எதிர்காற்றில் ஏற வேண்டும், அதனால் வடகிழக்கு முனையிலிருந்து ஓடத் தொடங்கும். முழு விசையில் எஞ்சின் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு அந்த முனையில்தான் குவியும், அங்கிருந்து காற்றோடு சின்னியம்பாளையம், நீலாம்பூர் பக்கம் நீளும். மாடல் வரைந்த படத்தில் அது பாவு நூல் இழுத்துக் கட்டியதுபோல் நேராகக் கிடந்தது. வேகமான காற்று புகையைக் கரைத்துவிடுவதால் அளவு குறைவு, திசை மட்டும் துல்லியம். ஐந்து வருட வானிலை, அதாவது 43,824 மணி நேரம். இரவு பழைய மடிக்கணினியில் ஓடவிட்டுத் தூங்கப் போனேன், விடிந்தபோது படம் தயார். காசு கிடையாது. மூல நிரலே திறந்து கிடக்கிறது. உள்ளீட்டில் ஒரு எழுத்து தப்பினாலும் எந்த வரி என்று சொல்லிவிடும். இத்தனை நேர்மையான மென்பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை.

பலர் குறை சொல்லும் 26 நிமிட விஷயம் ஏர்மாடின் தப்பு இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கில் ஒரு விமானம் வந்து போவதற்கு ஊர்ந்து செல்லும் நேரம் 26 நிமிடம், கிளம்பி ஓட 0.7, மேலேற 2.2, இறங்க 4. நம்ம ஊர் ஒற்றை ஓடுபாதைக்கு 26 ரொம்ப அதிகம். நான் பல நாள் வேலியோரம் நின்று கடிகாரம் பார்த்ததில் அதில் பாதிகூட வரவில்லை. அதை நாம்தான் திருத்திக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். புகை கிளம்பும் இடத்தை ஒரு பரப்பாக வைத்தால், வழக்கமான அமைப்பில் சூடான புகை மேலெழும்புவதைக் கணக்கில் எடுக்காது என்பதும் ஒரு குறைதான், ஆனால் அதோடு வாழ முடிகிறது.

என்னால் ஆறு வருடமாக ஜீரணிக்க முடியாதது வேறு.

எங்கள் வீடு சின்னியம்பாளையம் பக்கம். மார்கழியில் அம்மா விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். உள்ளே வரும்போது, "இன்னைக்கும் சீமெண்ணெய் வாடை அடிக்குது சாமி, காத்தே இல்ல" என்பார். அம்மா சொல்வது சரி. எஞ்சின் ஏழு சதவீத விசையில் உறுமிக்கொண்டு ஊரும்போது எரிபொருள் முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அப்போதுதான் அதிகம். வானம் தெளிந்த பனிக்கால இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். கீழே விட்ட புகை கீழேயே நிற்கும். வருடத்திலேயே மோசமான மணி நேரங்கள் அவைதான்.

அந்த மணி நேரத்துக்கு ஏர்மாட் என்ன சொல்கிறது என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. விமான நிலைய வானிலைக் குறிப்பில் காற்று 00000 என்று இருந்தது, மாடல் அந்த மணி நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. புகையின் செறிவு வாய்ப்பாட்டில் காற்றின் வேகம் வகுக்கும் இடத்தில் நிற்கிறது. வேகம் சுழியமானால் விடை எல்லையில்லாமல் போகும். ஆகவே அமைதி நேரம் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கியதோடு விட்டாலும் பரவாயில்லை. 24 மணி நேரச் சராசரிக்கு ஒரு விதி உண்டு: மிஞ்சிய மணி நேரம் 18-க்குக் கீழே போனாலும் 18-ஆல்தான் வகுக்க வேண்டும். ஒரு பனிக்கால நாளில் 10 மணி நேரம் காற்றில்லை, மீதி 14 மணி நேரமும் நைட்ரஜன் டை ஆக்சைடு 90 மைக்ரோகிராம் என்று வையுங்கள். கூட்டினால் 1260. 18-ஆல் வகுத்தால் 70. நம் நாட்டின் 2009 தரப்படி ஒரு நாளைக்கு 80 வரை போகலாம். கணக்கில் வந்த ஒவ்வொரு மணி நேரமும் வரம்பைத் தாண்டியிருக்கிறது, அந்த நாளோ தேறிவிட்டது! அதைவிட மோசமான 10 மணி நேரம் கணக்கிலேயே இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தை வைத்து ஒரு முழு நாளை எடைபோடக் கூடாது என்றுதான் அந்த விதியை வைத்தார்கள். இது 2005-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அங்கீகரித்த மாடல். அவர்களுடைய விமான நிலையங்களில் ஒரு நிமிடக் காற்றுப் பதிவு உண்டு, அதைக் கொண்டு இந்த ஓட்டையை அடைக்க ஏர்மினிட் என்ற துணை நிரலும் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வருவது அரை மணிக்கு ஒரு குறிப்பு, அந்த நிரலுக்கு அது ஆகாது. 2017-ல் மெல்லிய காற்றுக்கென்று ஒரு திருத்தத்தை முறைப்படி சேர்த்தார்கள். நல்ல திருத்தம்தான், ஆனால் காற்று மெலிந்திருக்கும் நேரத்துக்கு. நின்றே போன நேரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்புறம், இந்த வகை மாடலுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு மணி நேரமும் புதுசாகத் தொடங்கும். நாலு மணிக்கு விட்ட புகை ஐந்து மணிக்கும் அங்கேயே நிற்கும் என்பது அதற்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்துதான் ஆறு வருடம் ஓட்டினேன். பொறுமை போனது ஒரு கூட்டத்தில். எந்த வேலை, யார் என்பது வேண்டாம். நான் போட்ட படத்தையே திரையில் காட்டி, "மாடலே சொல்லிருச்சுங்களே, குளிர்காலத்துல ஒண்ணும் பிரச்சனை இல்லீன்னு" என்றார் ஒருவர். மாடல் அப்படிச் சொல்லவில்லை, அந்த நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்று எழுந்து சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அறிக்கையில் அது கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தில் ஒரு வரியாக வந்தது. படம் முன்பக்கத்தில், வண்ணத்தில்.

மாற்று இருக்கிறதா என்றால், அமெரிக்க விமானத் துறையின் ஏஈடிடி மென்பொருள் உதவாது. 2015-ல் அவர்களுடைய பழைய ஈடிஎம்எஸ் மென்பொருளுக்குப் பதிலாக வந்தது, ஆனால் புகை பரவலுக்கு அதற்குள்ளும் ஏர்மாட்தான். ஜெர்மானியர்களின் லாஸ்போர்ட் மாடல் புகையைத் துகள் துகளாகப் பின்தொடரும், முந்தின மணி நேரத்தை மறக்காது. கால்பஃப் என்ற இன்னொரு மாடல் புகையை உருண்டை உருண்டையாக விட்டு நகர்த்தும், காற்று நின்றால் உருண்டையும் நிற்கும். எனக்கு அந்த எண்ணமே பிடிக்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய வானிலைத் தரவைச் சேர்ப்பதே தனி உழைப்பு.

நண்பர் இதை ஆடியில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றிருப்பேன். மார்கழியில் கேட்டார், அதனால்தான் வேண்டாம் என்றேன். விலை, வேகம், நேர்மை என்று கூட்டிப் பார்த்தால் ஏர்மாட்தான் ஜெயிக்கும், தெரியும். ஆனாலும் பதிலை மாற்றப் போவதில்லை. அதையும் மீறி இறங்குவதாக இருந்தால், படம் போடுவதற்கு முன்னால் மாதவாரியாக எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டது என்று எண்ணி, அந்த அட்டவணையை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

நான் மீயொலிக் காற்றுமானி ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். கிண்ணம் சுழலத் தேவையில்லை, இலை அசையாத காற்றையும் அளக்கும். எங்கள் மொட்டை மாடியில் இடம் போதாது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கம்பம் நட ஒத்துக்கொண்டார். ஒரு வருடப் பதிவு சேர்ந்தால் சொந்த இடத்துத் தரவாக ஏர்மாடுக்கே கொடுக்கலாம். தை பிறப்பதற்குள் கம்பம் ஏறிவிட வேண்டும்.