வயிற்று அறுவைக்குப் பின் ரத்தக் கட்டி: ஊசியா, காலுறையா?

தையல் ஆறுகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கெண்டைக்கால் வீங்குகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. படுத்தே கிடப்பதால் கால் சிரைகளில் ரத்தம் தேங்குகிறது. அறுவையின் காயமும் உறைதலைத் தூண்டிவிடுகிறது. அங்கே உருவாகும் கட்டி பிய்ந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்தால் உயிரே போகலாம்.

தடுப்பதில், ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஹெப்பாரின் ஊசிக்கே என் முதல் ஓட்டு. 1975-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளில், நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் ஹெப்பாரின் பெறாத பிரிவில் 16 பேர். பெற்ற பிரிவில் 2 பேர்.

ஊசியிலும் இரண்டு வகை. பழைய ஹெப்பாரினை நாளுக்கு இரண்டு மூன்று முறை தோலடியில் போட வேண்டும். அதிலிருந்து உருவாக்கிய புதிய வகையான எனாக்ஸபாரின் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை போதும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியும் பக்கவிளைவும் இதில் குறைவு. ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்குப் பழையதே பாதுகாப்பு. திடீரென ரத்தம் கசிந்தாலும் பழையதன் பலம் சீக்கிரம் இறங்கும்; புரோட்டமின் என்ற முறிமருந்து கொடுத்து முழுமையாக முறிக்கலாம். எனாக்ஸபாரினைப் பாதியளவே அப்படி முறிக்க முடியும்.

ரத்தக்கசிவு அபாயம் மிகுந்தவருக்கு ஊசி ஆகாது. அவருக்குக் காற்றை ஏற்றி இறக்கிக் காலைப் பிழியும் கருவிதான் கைகொடுக்கும். நாளின் பெரும்பகுதி மாட்டியிருந்தால்தான் பலன். கழிப்பறைக்குப் போகக் கழற்றியதை மறுபடி மாட்ட மறப்பதுதான் அன்றாட நடப்பு. அழுத்தக் காலுறை இன்னும் ஒரு படி கீழே. ஊசி போட்டுக்கொள்பவருக்குக் காலுறையும் சேர்த்தால் கூடுதல் நன்மை இல்லை என்று 2020-இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கால் தமனி அடைப்பு உள்ளவருக்கு அது கேடும் செய்யும். எழுந்து நடப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் அபாயம் மிகுந்தவருக்கு அது மட்டும் போதாது.

எது என்பதைவிட எத்தனை நாள் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வயிற்றுப் பகுதிப் புற்றுநோய்களுக்கான அறுவைக்குப் பின் ஊசியை ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்தியவர்களில் 12 சதவீதத்தினருக்கும், நான்கு வாரம் தொடர்ந்தவர்களில் 4.8 சதவீதத்தினருக்கும் கட்டி தென்பட்டது என்பது 2002-இன் ஆய்வு முடிவு. எனவே வீடு திரும்பும்போது ஊசி தொடருமா, எந்தத் தேதிவரை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் திடீர் மூச்சுத்திணறலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சு வலியோ, இருமலில் ரத்தமோ வந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.